கணவருக்கு வேலை, மனைவிக்குப் படிப்பு: இருவரும் ஒரே விசாவை நம்பிப் போகலாமா?

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவர் மின்வேதியியல் சார்ந்த பி.டெக். படித்துச் சில வருடம் வேலை பார்த்தவர். திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. பேட்டரிப் பொருட்கள் பற்றிய இரண்டு வருட ஆங்கிலவழி முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு அக்டோபரில் தொடங்குகிறது. இந்தியப் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மனி தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்கிவிட்டார். இதே சமயத்தில், சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் கணவருக்கு அதே நகரத்து நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 56,000 யூரோ சம்பளத்தில் வேலை தந்திருக்கிறது. செப்டம்பர் 1-ஆம் தேதி சேர வேண்டும். ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

இனிமேல்தான் சிக்கல். "ரெண்டு பேருக்கும் தனித்தனி விசா எதுக்கு? புருஷனோட டிபெண்டன்ட்டாப் போயிட்டு அங்கே போய்ப் படி, 12 லட்சம் மிச்சம்" என்கிறார் மாமனார். "அவன் போய் ஒரு வருஷம் நிலைக்கட்டும், நீ பிறகு போ. பர்மாவுக்குப் போனவங்க எல்லாம் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டா போனாங்க?" என்கிறார் மாமியார். விசா ஏஜென்ட் ஒருவர், மாணவர் விசா விண்ணப்பத்தில் திருமணமாகாதவர் என்று போட்டால் சுலபம் என்கிறார். திருமணம் பதிவு செய்யப்படவில்லை. இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் திருமண ஒப்பந்தமான இசைவுபிடிமானமும் கல்யாணப் பத்திரிகையும் மட்டும் இருக்கின்றன. பணத்துக்கு, மாமனாரின் பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டை ஈடு வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா, அல்லது மாமியார் பெயரில் உள்ள லாக்கரில் இருக்கும் தன் நகைகளை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. போதாக்குறைக்கு, "வெளிநாட்டுக்காரி ஆகிட்டா நாளைக்குச் சிக்கல்" என்று சொல்லி, பிறந்த வீட்டுச் சொத்தில் விடுதலைப் பத்திரமும் பொது அதிகாரப் பத்திரமும் எழுதித் தரும்படி அண்ணன் கேட்கிறார். "எதில் கையெழுத்துப் போடுவது, எதில் போடாமல் இருப்பது என்றே தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஆறு கேள்விகள் இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இருவரும் சேர்ந்து போகிறீர்கள், ஆனால் உங்கள் பங்குக்கு உங்கள் பெயரில் என்ன இருக்கப் போகிறது? விசா, பணம், நகை, சொத்து எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடங்கும். யாரோடும் சண்டை போடாமலே இதற்கு நல்ல விடை காணலாம்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஊர் காரைக்குடி. அந்த மண்ணில் பிறந்த பெண் பேட்டரி படிக்கப் போவதை ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்று வீட்டார் லேசாகச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல்கலைக்கழகம் கொடுத்த இடம் பெரும்பாலும் அந்தப் பருவத்துக்கு மட்டுமே செல்லும். அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பித்துப் புதிதாகப் போட்டியிட வேண்டும். மீண்டும் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. "ஒரு வருஷம்தானே" என்பவர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனவர்கள் மூன்று வருடக் கணக்குக்கு ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் போனார்கள், வீட்டையும் வரவு செலவையும் ஊரில் இருந்த ஆச்சிமார் (வீட்டுப் பெண்கள்) நடத்தினார்கள். அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த ஏற்பாடு அது. ஆனால் உங்கள் கணவர் வாங்கப் போகும் ப்ளூ கார்டு (பட்டம் படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி), மனைவி முதல் நாளிலிருந்தே கூட வரலாம், வேலையும் பார்க்கலாம் என்று அனுமதிக்கிறது. பிரிந்திருக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை.

அந்த 12 லட்சம் கட்டணம் அல்ல

உங்கள் வீட்டில் நடக்கும் பாதி விவாதம் ஒரு தவறான புரிதலிலிருந்து வருகிறது. மாணவர் விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற கணக்கில்) போட வேண்டிய தொகை, 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். இது ஜெர்மன் அரசுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கட்டும் பணம் அல்ல. உங்கள் பெயரில், உங்கள் பணமாகவே இருக்கும். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே வந்து சேரும். வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் எப்படியும் செலவாகப் போகிற பணம்தான். கணக்கை நடத்தித் தரும் நிறுவனம் வாங்கும் சிறு கட்டணம் மட்டுமே உண்மையான செலவு. ஆகவே டிபெண்டன்ட்டாகப் போனால் 12 லட்சம் மிச்சம் என்று மாமனார் சொல்வது சரியல்ல. அந்தத் தொகையை முன்கூட்டியே புரட்ட வேண்டிய நெருக்கடிதான் மிச்சமாகும். நெருக்கடி சிறியது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது நஷ்டம் இல்லை.

பணம் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி டிசிஎஸ் என்ற முன்வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், புறப்படும் நேரத்தில் கைப்பணம் முடங்கும். வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி. ஒரு பகுதியை உங்கள் கணக்கிலிருந்தும் மறு பகுதியை உங்கள் கணவரின் கணக்கிலிருந்தும் அனுப்ப முடியுமா என்று, பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்திடமும் வங்கியிடமும் கேட்டுச் செய்யுங்கள். வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராகப் போகும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் கிடையாது.

மாணவர் விசாவா, குடும்ப விசாவா?

டிபெண்டன்ட்டாகப் போவதில் உண்மையான நன்மைகள் உண்டு. ப்ளூ கார்டு வாங்குபவரின் மனைவிக்கு, மற்றவர்களிடம் கேட்பதுபோல் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வு கேட்பதில்லை. பிளாக்டு அக்கவுண்ட் தேவையில்லை. வேலை பார்க்க நேர வரம்பு இல்லை, விரும்பினால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கவும் தடையில்லை. மாணவர் விசாவிலோ வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம்.

ஆனால் அந்த அனுமதி உங்கள் கணவரின் அனுமதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இதில் இரண்டு ஆபத்துகளைப் பார்க்கிறேன். முதலாவது வேலை. தகுதிகாண் காலமான ஆறு மாதத்துக்குள், பெரிதாகக் காரணம் சொல்லாமல் இரண்டு வார அறிவிப்பில் வேலையை முடித்துவிட ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. வேலை போனால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உடனே நாட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள், வேறு வேலை தேட அவகாசம் தருவார்கள். ஆனாலும் அந்த மாதங்களில் இருவர் வாழ்க்கையும் ஒரே கேள்வியில் தொங்கும். இரண்டாவதைச் சொல்லும்போது என்னைத் தவறாக நினைக்காதீர்கள். உங்கள் மணவாழ்க்கையைப் பற்றி ஊகமாக எதுவும் சொல்ல வரவில்லை. கணவன் மனைவி பிரிய நேர்ந்தால், குடும்ப அனுமதியில் வந்தவர் அங்கே தொடர்ந்து இருக்கும் சொந்த உரிமையைப் பெற, பொதுவாக மூன்று வருடம் ஜெர்மனியில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வீட்டு வன்முறை போன்ற கடுமையான நிலைகளில் விதிவிலக்கு உண்டு. உங்கள் படிப்போ இரண்டு வருடம்.

மாணவர் விசாவில் போனால் அனுமதி உங்கள் சேர்க்கையின் மீது நிற்கும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை உங்கள் பெயரிலேயே அனுமதி கிடைக்கும். கணவருக்கு வேலையில் இடறல் வந்தால், நீங்கள் அங்கே நிலையாக நின்று அவருக்குத் தாங்கலாக இருக்கலாம். அவரும் தன் மனைவி வந்ததிலிருந்தே சொந்தக் காலில் நிற்கிறார் என்ற தைரியத்தில் வேலை பார்ப்பார்.

ஆகவே என் கருத்து: பணத்தை நகை விற்காமல், சொத்தை எழுதிக் கொடுக்காமல் புரட்ட முடியுமானால் மாணவர் விசாவுக்கே விண்ணப்பியுங்கள். ஏபிஎஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பலருக்கு விண்ணப்பம் தேங்குவதே அங்கேதான். பணம் புரளவில்லை என்றால், படிப்பைக் கைவிடாமல் குடும்ப விசாவிலேயே போங்கள். ஆனால் சேர்க்கை முடிந்த ஆறேழு மாதத்துக்குள் உங்கள் பெயரில் ஒரு சேமிப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள். தேவை வந்தால், பல்கலைக்கழகச் சேர்க்கையையும் மாதம் 992 யூரோ கணக்கில் வாழ்க்கைச் செலவுக்கான ஆதாரத்தையும் காட்டி, ஜெர்மனியில் இருந்தபடியே மாணவர் அனுமதிக்கு மாற விண்ணப்பிக்க முடியும். அந்தக் கதவு திறந்திருக்கப் பணம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

எந்த விசாவானாலும், உங்கள் வயதுக்கு மருத்துவக் காப்பீட்டில் ஒரு கண் வையுங்கள். மாணவர்களுக்கான சலுகைக் காப்பீடு 30 வயதோடு முடிந்துவிடும், உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் 56,000 யூரோ சம்பளத்துக்கு உங்கள் கணவர் கட்டாயமாகப் பொதுக் காப்பீட்டில்தான் இருப்பார். அவருடைய காப்பீட்டில் மனைவியாகச் செலவில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். நீங்கள் பகுதி நேர வேலை பார்த்தால் சம்பளத்தை ‘மினி ஜாப்’ எனப்படும் சிறு வேலைக்கான வரம்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள், 2026-இல் அது மாதம் 603 யூரோ. அதற்கு மேல் சம்பாதிக்கத் தொடங்கும்போது உங்களுக்குத் தனிக் காப்பீடு தேவைப்படும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் காப்பீட்டு உறுதி வேண்டும் என்பதால், கணவர் செப்டம்பர் 1-ஆம் தேதி சேர்ந்து தன் காப்பீட்டைத் தொடங்குவது உங்களுக்கும் அவசியம். அவர் விசா தாமதமானால் இடைக்காலத்துக்கு நீங்கள் தனியாகக் காப்பீடு தேட வேண்டிவரும், மாதம் 200 யூரோவுக்கு மேல் போகலாம். அதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் கணவரின் பக்கத்தில் சரிபார்க்க வேண்டியது இரண்டு. ப்ளூ கார்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். 2026-இல் பொது வரம்பு 50,700 யூரோ, அவருடைய சம்பளம் அதைத் தாண்டுகிறது. அடுத்து, அவர் படித்த கல்லூரியும் பட்டமும், வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் ‘அனாபின்’ தரவுத்தளத்தில் அங்கீகரிக்கப்பட்டவையாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெறும் ஆஃபர் கடிதத்தை நம்பி இங்கே வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம். கையெழுத்தான ஒப்பந்தமும் விசாவும் வந்தபின் செய்யட்டும்.

ஏஜென்ட் சொன்ன "திருமணமாகாதவர் என்று போடுங்கள்" என்ற யோசனையை இன்றே குப்பையில் போடுங்கள். அதே தூதரகத்தில் உங்கள் கணவரின் விண்ணப்பத்தில் மனைவி என்று உங்கள் பெயர் இருக்கும். பொய்த் தகவல் கொடுப்பது விசா மறுப்புக்கும், பின்னால் அனுமதியை ரத்து செய்வதற்கும் காரணமாகும். இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். அக்டோபர் வகுப்பு இரண்டுக்கும் காத்திருக்காது. முதல் விண்ணப்பமே முழுமையாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். திருமணமானவர், கணவர் அதே நகரத்தில் வேலைக்கு வருகிறார் என்பதை விளக்கக் கடிதத்தில் நீங்களே நேராக எழுதுங்கள். மறைக்க வேண்டிய விஷயம் அதில் எதுவும் இல்லை.

இசைவுபிடிமானம் போதுமா?

உங்கள் திருமணம் சட்டப்படி செல்லும். இந்து திருமணச் சட்டம் 1955-இன் 8-ஆம் பிரிவு, பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போகாது என்றே சொல்கிறது. இரு வீட்டாரும் கையெழுத்திட்ட இசைவுபிடிமானமும், கோயிலில் புள்ளியாக, அதாவது தம்பதிக் கணக்கில், சேர்ந்ததும், தகராறு வந்தால் நீதிமன்றத்தில் நல்ல சாட்சியம். ஆனால் தூதரகத்துக்கும் ஜெர்மன் நகராட்சிக்கும் வேண்டியது அரசு வழங்கிய பதிவுச் சான்றிதழ்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். அந்தக் காலம் உங்களுக்குக் கடந்துவிட்டது. பதற வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய அப்படி நாள் கெடு இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்து, திருமணம் நடந்த ஊர் அல்லது நீங்கள் வசிக்கும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, திருமணப் புகைப்படம், வயதுக்கும் முகவரிக்கும் ஆதாரம் எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் சென்னையிலிருந்து வரும் அடுத்த வார நாளிலேயே முடித்துவிடுங்கள்.

பதிவின்போது பெயர்களைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் பிழை வரும் இடம் இனிஷியல்தான். கல்லூரிச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர், திருமணச் சான்றிதழில் கணவரின் இனிஷியல் என்று மூன்று விதமாக இருந்தால், ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கல்யாணமானதால் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புறப்படும் முன் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். சான்றிதழுக்கு, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அபோஸ்டில் முத்திரை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், முதலில் தூதரகத்தின் பட்டியலைப் பாருங்கள். அபோஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்த நாடு. மற்ற நாடுகளுக்குப் பயன்படும் அந்த முத்திரை அங்கே செல்லாது.

இந்தச் சான்றிதழின் வேலை விசாவோடு முடியாது. அங்கே வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும். அப்போது இதைக் காட்டினால்தான் திருமணமானவர்கள் என்று பதிவாகும். உங்கள் கணவரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி குறைவதும் அதைப் பொறுத்ததே. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடிபுகுந்த சான்று இல்லாமல் முகவரி பதிய முடியாது. எனவே முதல் மாதத் தங்குமிடத்தைப் பிடிக்கும்போதே "முகவரி பதியக் கடிதம் தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல், சாவி வாங்காமல் முன்பணம் அனுப்பக் கூடாது. முன்பணமும் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்க அங்கே சட்டம் இல்லை, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்.

வளவு வீடும் நகையும்

மாமனார் வீடு பல கோடி பெறும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டுப் பங்குக்காரர்கள் உள்ள, பாகப்பிரிவினை ஆகாத வீட்டில் ஒரு பங்கை மட்டும் ஈடாக வங்கி ஏற்காது. வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரங்களின் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, பட்டா, பதிவான பாகப்பத்திரம் எல்லாம் கேட்பார். முகப்பு யாருக்கு, இரண்டாம் கட்டு யாருக்கு என்று வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டது போதாது. அத்தனை பங்காளிகளும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் முடியும், அவர்களில் பாதிப் பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். செப்டம்பருக்குள் நடக்கிற காரியம் அல்ல. அதற்காக அலைவதை நிறுத்துங்கள்.

உங்கள் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கும் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம் இந்தியாவில் உள்ள தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடில்லாமல் கேட்கலாம். பெற்றோரோ கணவரோ கூட்டுக் கடன்தாரராகச் சேருவார். வெளிநாட்டுப் படிப்புக்குப் பொதுவாக 15 சதவீதம் நீங்கள் போட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை என்கிறீர்கள். எனவே வங்கியிடம் வாழ்க்கைச் செலவுக்கான பிளாக்டு அக்கவுண்ட் தொகையைத் தெளிவாகக் காட்டிக் கேட்க வேண்டும். ஏழரை லட்சம் கடன், மீதி இருவரின் சேமிப்பு என்றால் கணக்கு நெருங்கிவிடும்.

இப்போது நகை. கழுத்திரு என்ற கல்யாணக் கழுத்தணியும் வைரத்தோடும் மற்ற நகைகளும் உங்கள் பெற்றோர் போட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள். அவை யார் லாக்கரில் இருந்தாலும் உங்களுடையவை. மனைவியின் சீதனம் அவளுடைய முழுச் சொத்து, புகுந்த வீட்டார் வசம் இருந்தால் அவர்கள் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. 2024-இலும் அதை உறுதிசெய்தது. விற்பதா, அடகு வைப்பதா, தொடாமல் வைப்பதா என்பது உங்கள் முடிவு. உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டார் கூடி முடிவெடுக்க முடியாது.

உரிமை இருக்கிறது என்பதற்காகச் சட்டப் பிரிவைச் சொல்லிக்கொண்டு மாமியாரிடம் போக வேண்டாம். அவர் இதுவரை கெட்ட எண்ணத்தோடு நடந்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. முதலில் கணவரிடம் பேசுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து, "அத்தை, நாங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப உங்களுக்கு ஒண்ணுன்னா லாக்கரைத் திறக்கவே முடியாது, என் பேர்ல ஒண்ணு எடுத்து மாத்திருவோம்" என்று சொல்லலாம். அது முழு உண்மையும்கூட. அவர் பெயரில் மட்டும் உள்ள லாக்கரை நீங்கள் வெளிநாட்டிலிருந்து எதுவும் செய்ய இயலாது. உங்கள் பெயரில் லாக்கர் எடுத்து, நீங்கள் நம்பும் ஒருவரைக் கூட்டாகச் சேர்த்து, நியமனதாரரைப் பதியுங்கள். மாற்றும் அன்று நகைகளை எடை போட்டு, படம் எடுத்து, பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பிப் பட்டியல் எழுதிய வழக்கம் உள்ள வீடுகளுக்கு இது புதிதல்ல. பழைய பட்டியல் இருந்தால் அதன் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

பணத்துக்கு நகையைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், விற்காமல் சிலவற்றை மட்டும் உங்கள் பெயரில் வங்கியில் அடகு வையுங்கள். திருப்புவதற்கு எந்தக் கணக்கிலிருந்து மாதம் எவ்வளவு வரும் என்று கணவரோடு பேசி, முடிந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்திருவைக் கடைசிவரை தொடாதீர்கள். திரும்ப அப்படியே செய்ய முடியாத நகை அது.

அண்ணன் நீட்டும் இரண்டு பத்திரங்கள்

வெளிநாட்டில் வசிப்பதால், குடியுரிமை மாறாத வரை மட்டுமல்ல, மாறினாலும்கூட, பிறந்த வீட்டுச் சொத்தில் வாரிசுரிமை போகாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கை 1989-லேயே தமிழ்நாடு கொடுத்துவிட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் வினிதா சர்மா வழக்கில் அதை மேலும் தெளிவாக்கியது. "வெளிநாட்டுக்காரி ஆகிட்டா சிக்கல்" என்று அண்ணன் சொல்வது அறியாமையாகவும் இருக்கலாம். அவரிடம் கோபப்பட வேண்டாம், ஆனால் விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். பதிவான விடுதலைப் பத்திரம் உங்கள் பங்கை முழுவதுமாக விட்டுக்கொடுப்பது. அவசரத்தில் போட்டேன், படிக்கவில்லை என்று பின்னால் சொல்லி ரத்து செய்ய, வருடக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். மனமுவந்து அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் அது உங்கள் உரிமை. பெட்டி கட்டும் வாரத்தில் செய்யாமல், மதிப்பு தெரிந்து, அம்மா அப்பாவிடம் பேசி, நிதானமாகச் செய்யுங்கள். "அண்ணே, பாகப்பிரிவினைன்னு உக்காரும்போது நான் வந்து உக்காருறேன்" என்று சொன்னால் போதும்.

பொது அதிகாரப் பத்திரமும் கொடுக்காதீர்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் உள்ள ஒரு பத்திரம், நீங்கள் அயல்நாட்டில் இருக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் வேலை செய்யும். வீட்டு வரி கட்ட, மின் இணைப்பு வேலை பார்க்க, பட்டா விண்ணப்பத்தில் கையெழுத்திட என்று ஒருவரின் உதவி தேவைதான். அதற்குத் தனி அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். எந்தச் சொத்து, எந்த வேலை, எவ்வளவு காலம் என்று குறிப்பிட்டு, விற்க, தானம் செய்ய, அடமானம் வைக்க அதிகாரம் இல்லை என்று ஒரு வரியைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். புறப்படும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முடியாமல் போனாலும் வழி அடைபடாது. பெர்லினில் உள்ள இந்தியத் தூதரகத்திலோ, ஃப்ராங்க்ஃபர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களிலோ சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். அதைத் தவறவிட்டால் பயன்படாமல் போகும் என்பதால், யார் பெயருக்கு அனுப்புகிறீர்களோ அவரிடம் தேதியைக் குறித்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.